ஒரே மிளகு, நான்கு வரி: அண்டை நாட்டு ஒப்பந்தங்கள் செய்யும் வேலை

[காட்சி: பாளையங்கோட்டை மார்க்கெட், மளிகைக் கடை, உள்ளங்கையில் மிளகு]

வணக்கம். என் கையில் இருக்கும் இந்த மிளகு கப்பலேறி வந்ததாக வைத்துக்கொண்டால், அதற்குச் சுங்க வரி 70 சதவீதமாக இருந்திருக்கலாம், 50 ஆகவோ 8 ஆகவோ இருந்திருக்கலாம், வரியே இல்லாமலும் போயிருக்கலாம். எந்த ஒப்பந்தத்தின் வாசல் வழியாக உள்ளே நுழைகிறது என்பதே கணக்கு.

வரலாற்றை ஒரே மூச்சில் கடந்துவிடுவோம்: 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் ஏழு தெற்காசிய நாடுகள் சேர்ந்து சார்க் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின, 2006இல் அதன் தடையற்ற வணிக ஒப்பந்தமான சாஃப்டா நடைமுறைக்கு வந்தது.

இனி மிளகு. சலுகை இல்லாத நாடுகளுக்கு வரி 70 சதவீதம். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் இந்தியா செய்து, 2010இல் தொடங்கிய ஒப்பந்தத்தில் வியட்நாம் மிளகுக்கு அது படிப்படியாக 50க்கு இறங்கியது. இலங்கை மிளகு சாஃப்டா வழியாக வந்தால் 8. 2000 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 2,500 டன் வரையில் வரியே கிடையாது.

இவ்வளவு வித்தியாசம் இருந்தால் வியாபாரி சும்மா இருப்பாரா? வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கையில் விளைந்ததாகச் சான்றிதழ் பெற்று இங்கே வருகிறது என்று கேரள, கர்நாடக விவசாயிகள் குமுறினார்கள். தாமிரபரணித் தண்ணீரையே பார்க்காத அல்வாவின் அட்டையில் நம் ஊர்ப் பெயரை அச்சடிப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. கடைசியில் 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யக் கூடாது என்று இந்திய அரசு வரம்பு விதித்தது. வரியைக் குறைப்பது எளிது, சரக்கு எங்கே விளைந்தது என்று உறுதிசெய்யும் விதியைக் காப்பாற்றுவதுதான் கடினம் என்பது என் கருத்து. உங்கள் வீட்டில் மிளகு வியாபாரம் உண்டென்றால் அனுபவத்தை எழுதுங்கள்.

சார்க் ஏன் தேங்கியது? அதன் சாசனப்படி எல்லா முடிவும் ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும்; இரு நாட்டுச் சச்சரவுகளை அங்கே பேசவும் கூடாது. ஆகவே இருவர் முறைத்துக்கொண்டால் எல்லோருக்கும் கதவு அடைபடுகிறது. 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு உச்சி மாநாடே இல்லை. தெற்காசிய நாடுகளின் மொத்த வணிகத்தில் தங்களுக்குள் நடப்பது சுமார் 5 சதவீதம். ஆசியானில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஆசியானிலும் ஒருமித்த முடிவுதான், ஆனால் பொருளாதார ஏற்பாடுகளில் தயாராக இருப்பவர்கள் முன்னே நடக்கலாம், மற்றவர்கள் பின்னால் வந்து சேரலாம். மாநாட்டு உரைகளைவிட இந்த ஒரு விதி பெரிது.

[காட்சி: அதே கடை, மாசிக் கருவாடு]

சச்சரவைத் தாண்டியும் ஓடும் ஓர் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டுமானால் இந்த மாசியின் தாய்வீடான மாலத்தீவுக்கு வாருங்கள். 1981இல் போட்ட வணிக ஒப்பந்தத்தின்படி, அரிசிக்கும் வெங்காயத்துக்கும் இந்தியா ஏற்றுமதித் தடை போட்டாலும் மாலத்தீவின் பங்கு தனியாக ஒதுக்கப்படும். 2024 தொடக்கத்தில் இரு அரசுகளின் உறவு கசந்திருந்த நேரத்திலும் ஒதுக்கீடு குறையவில்லை. மாறாக, 1981இல் ஏற்பாடு தொடங்கியதிலிருந்து இல்லாத அளவுக்கு உயர்ந்தது. ஆற்று மணல் மட்டும் அந்த ஆண்டுக்கு 10 லட்சம் டன்.