பூனை பிராண்டினால் முதலில் குழாயடி

நேயர்களுக்கு வணக்கம். போன மாதம் ஓர் அம்மா தன் எட்டு வயது மகளோடு என்னிடம் வந்தார். பிள்ளையின் முன்கையில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பி, அது காய்ந்து ஓடு மாதிரி இருந்தது. "நம்ம வீட்டுப் பூனைதான் டாக்டர், காலையில லேசாப் பிராண்டிடுச்சு" என்றார். அந்தப் பற்றை ஊறவைத்து எடுக்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அடியில் மூன்று கோடுகள்; ஒன்றில் ரத்தம் கசிந்த தடம்.

அந்தக் கால் மணி நேரத்தை முதலிலேயே குழாயடியில் செலவழித்திருக்கலாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். துணி சோப்பானாலும் சரி. பூனை மூலமும் வரக்கூடிய ரேபிஸ் என்ற வெறிநோய்க் கிருமிக்கு மேலே ஒரு கொழுப்புப் படலம் உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். 15 நிமிடம் என்றால் நம் வானொலியில் மூன்று பாட்டு ஓடி முடிகிற நேரம். பெரும்பாலோர் பல்லவியிலேயே குழாயை மூடிவிடுகிறார்கள்! கழுவியபின் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி தடவலாம். காப்பித்தூள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

"கடிக்கவே இல்லையே, ரேபிஸ் தடுப்பூசி எதற்கு?" என்று கேட்பீர்கள். பூனை நாளெல்லாம் பாதத்தை நக்குகிறது, எச்சில் நகத்தில் இருக்கும். ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. ரத்தம் வந்திருந்தால் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போடுவோம். தடுப்பூசியைத் தொப்புளைச் சுற்றிப் போட்டதெல்லாம் அந்தக் காலம். இப்போது கையில்தான்: முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்கள். அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. ரணஜன்னியைத் தடுக்கும் டிடி ஊசி வேண்டுமா என்றும் அங்கேயே கேளுங்கள். பூனைக்குத் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

பூனையை 10 நாள் கவனிக்க வேண்டும். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்; போட்டுக்கொண்டே கவனியுங்கள். நன்றாக இருந்தால் மீதி ஊசி வேண்டுமா என்று டாக்டர் சொல்வார்.

இன்னொன்று. ஓரிரு வாரம் கழித்து அக்குளில் நெறி கட்டி, காய்ச்சல் அடித்தால் பூனை பிராண்டியதை மறக்காமல் சொல்லுங்கள். தெள்ளுப்பூச்சி மூலம் பூனைக்கு வரும் பார்ட்டனெல்லா என்ற கிருமி அப்படிச் செய்யும். குட்டிகளிடம் இது அதிகம்.

ஏழாம் நாள் ஊசிக்கு வந்த அந்தப் பிள்ளையிடம் பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "என் மடியிலதான் தூங்குது" என்றாள். இன்னும் மூன்று நாள் பார்த்துச் சொல் என்று அனுப்பினேன்.