உங்கள் திறமை உங்கள் கண்ணுக்கே ஏன் தெரிவதில்லை?

"உனக்கு எது நன்றாக வரும்?" என்று யாராவது கேட்டால் நம்மில் பலர் முழிப்போம். கஷ்டப்படாமல் செய்துவிடுகிற வேலையை நாம் திறமைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, இது எல்லோருக்கும் வரும்தானே என்று விட்டுவிடுகிறோம்.

டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண்மணி 1947இல் பிறந்தவர், ஆட்டிசம் உள்ளவர், மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. எதை யோசித்தாலும் அவருக்கு மனதில் படமாகத்தான் ஓடும், உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் யோசிக்கிறார்கள் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்! 1970களில் அரிசோனா மாட்டுப் பண்ணைகளில், தடுப்பூசிக்கு ஓட்டிப்போகும் குறுகலான பாதையில் மாடுகள் திடீரென்று மிரண்டு நின்றுவிடும், ஆட்கள் கத்துவார்கள், அடிப்பார்கள். இவர் அந்தப் பாதைக்குள்ளேயே இறங்கி, மாட்டின் கண் உயரத்தில் இருந்து போட்டோ எடுத்தார். தொங்கி ஆடும் சங்கிலி, தரையில் விழுந்த நிழல், வேலியில் யாரோ மாட்டிவைத்த கோட்டு, இதற்கெல்லாம்தான் மாடு மிரண்டிருக்கிறது. அப்புறம் அவர் வளைந்து போகும் பாதைகளை வடிவமைத்தார். வளைவில் அந்தப் பக்கம் நிற்கும் ஆட்கள் கண்ணில் பட மாட்டார்கள், வந்த வழிக்கே திரும்புகிறோம் என்ற நினைப்பில் மாடும் அமைதியாக நடக்கும். இறைச்சிக்கூடங்களுக்கும் அவர் வடிவமைத்த அமைப்புகள் போயின.

இதே கிராண்டினுக்கு அல்ஜீப்ரா கடைசிவரை பிடிபடவில்லை. அதைச் சரிசெய்வதிலேயே அவர் காலத்தைப் போக்கியிருந்தால் எத்தனையோ மாடுகள் இன்னும் அடி வாங்கிக்கொண்டிருக்கும்.

சரி, நம்முடையதை எப்படிக் கண்டுபிடிப்பது? கூட இருப்பவர்களிடம் கேட்பதுதான் எனக்குத் தெரிந்து நல்ல வழி. அக்கா, பழைய மேனேஜர், கல்லூரி நண்பன் என்று வேறு வேறு இடத்து ஆட்களாகப் பிடியுங்கள். "நீ ரொம்ப நல்லவன்" என்ற பாராட்டு வேண்டாம், "நான் நன்றாகச் செய்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பேசாமல் இருந்த இரண்டு சித்தப்பாக்களைக் கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்காரவைத்தீர்கள் என்று அக்கா சொல்வார், கொதித்துப்போய் வந்த கஸ்டமரைச் சமாதானப்படுத்தி அனுப்பினீர்கள் என்று மேனேஜர் சொல்வார். இரண்டும் ஒரே திறமை!

கண்டுபிடித்ததைப் புது இடத்தில் இறக்கிப் பாருங்கள். 2005இல் மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளரின் குழு வெளியிட்ட ஆய்வில், தங்கள் முக்கியமான பலத்தை ஒரு வாரம் தினமும் புது விதமாகப் பயன்படுத்தியவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் மகிழ்ச்சி கூடியிருந்தது. அதற்காக இருக்கிற வேலையை விட வேண்டாம். சித்தப்பாக்களைச் சேர்த்துவைத்தவர், அடுத்த வாரம் டீமில் இரண்டு பேர் முட்டிக்கொள்கிற மீட்டிங்கை "நான் நடத்துகிறேன்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.