கவருக்குள்ள என்ன இருக்கு: கிளினிக்கல் ட்ரையல்ல புள்ளியியல்காரர் வேலை

எல்லாருக்கும் வணக்கம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கிற பிள்ளைங்க நிறைய பேர் கேக்குறது, சார் ட்ரையல்ல, அதாவது ஒரு மருந்து வேலை செய்யுதான்னு நோயாளிங்களுக்குக் குடுத்துச் சோதிச்சுப் பாக்குறதுல, நமக்கு என்ன வேலை, டேட்டா வந்ததும் சாஃப்ட்வேர்ல போட்டு பி வேல்யூ (கெடைச்ச வித்தியாசம் தற்செயலா வர எவ்வளவு வாய்ப்புன்னு சொல்ற எண்) எடுத்துக் குடுக்கணும் அவ்ளோதானே அப்படின்னு. அது கடைசில வர்ற வேலைப்பா. பெரும்பாலானது முதல் நோயாளிக்கு முதல் டோஸ் போடுறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும்.

பிராட்ஃபோர்ட் ஹில்லைப் பாருங்க. இங்கிலாந்துக்காரர், 1897ல பொறந்தவர், டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசை, முதல் உலகப்போர்ல கடற்படை பைலட்டா போன எடத்துல டிபி வந்து, பொழைக்க மாட்டார்னே முடிவு பண்ணிட்டாங்க, படுக்கைல இருந்தே தபால்ல எகனாமிக்ஸ் படிச்சு, அப்படியே புள்ளியியலுக்கு வந்தாரு. ஸ்ட்ரெப்டோமைசின்ங்கற மருந்து டிபிக்குக் கேக்குதான்னு பாத்த ட்ரையலை டிசைன் பண்ணது அவர்தான், ரிசல்ட் வந்தது 1948.

மருந்து கொஞ்சம்தான் இருந்துச்சு, யாருக்குக் குடுக்குறது? ஒருத்தர் விட்டு ஒருத்தர்னு குடுத்தா அடுத்தது எதுன்னு டாக்டருக்கு முன்னாடியே தெரிஞ்சிரும், தேறிருவான்னு தோணுற பையனை மருந்து வர்ற டர்ன்ல சேக்கலாம்னு மனசு சொல்லும், கெட்ட எண்ணம் இல்ல, இரக்கம்தான், ஆனா டேட்டா போச்சு. அதனால ஹில் ரேண்டம் நம்பர், அதாவது அடுத்தது எதுன்னு யாராலயும் ஊகிக்க முடியாத எண்கள் வச்சு சீட்டு போட்டு கவர்ல ஒட்டிட்டாரு. கவர் மேல ஆஸ்பத்திரி பேரும் நம்பரும் மட்டும். இந்த நோயாளியைச் சேக்குறோம்னு முடிவான பிறகுதான் பிரிக்கணும். எக்ஸ்ரே பாத்தவங்களுக்கும் யாரு எந்தப் பக்கம்னு தெரியாது. ஆறு மாசத்துல மருந்து வாங்குன 55 பேர்ல 4 பேர் எறந்தாங்க, வெறும் படுக்கை ஓய்வுல இருந்த 52 பேர்ல 14 பேர். கிருமி மருந்துக்குப் பழகிடுதுங்கறதும் அதுலயே தெரிஞ்சுது, அதனாலதான் அடுத்து ரெண்டு மருந்தைச் சேத்துக் குடுத்துப் பாத்தாங்க.

நம்ம சென்னைல, 1956ல சேத்துப்பட்டுல டிபி ஆராய்ச்சி மையம் வந்துச்சு. முதல் ட்ரையல்ல 193 நோயாளிங்க, பாதிப் பேரு சானடோரியத்துல (டிபி நோயாளிங்களைத் தங்க வச்சுப் பாக்குற ஆஸ்பத்திரி), பாதிப் பேரு வீட்லயே, ரெண்டு பக்கமும் அதே ஐசோனியசிட், பாஸ் மருந்து ஒரு வருஷம். யாரு எங்கன்றதை இங்கயும் ரேண்டமாத்தான் பிரிச்சாங்க. சானடோரியத்துல நல்ல சாப்பாடு, ஓய்வு, அவங்களுக்கு வெயிட்டும் நல்லா ஏறுச்சு. கண்ணால பாத்தா சானடோரியம்தான் ஜெயிச்சுதுன்னு யாரா இருந்தாலும் சொல்லிருப்பாங்க. ஆனா சளியை கல்ச்சர் பண்ணி, அதாவது அதுல கிருமி வளருதான்னு லேப்ல வச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்ல. வீட்ல கூட இருக்கறவங்களுக்கு அதிகமா ஒட்டுதான்னும் வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தாங்க, அப்படியும் இல்ல. ஊர்ல பெட்டே கெடைக்காத ஏழைக்கு வீட்லயே வைத்தியம் பாக்கலாம்னு உலகமே மாறுனதுக்கு 1959ல வெளியான அந்தக் கட்டுரை ஒரு பெரிய காரணம். எதை அளக்கணும்னு முன்னாடியே எழுதி வைக்கலன்னா அந்த வெயிட்டைப் பாத்தே ஏமாந்திருப்போம்.

இன்னைக்கும் அதே வேலைதான். எத்தனை பேர் வேணும், எதை முக்கிய அளவா வைக்கணும், நடுவுல போனவங்களை எப்படிக் கணக்குல எடுக்கணும், எல்லாம் டேட்டாவைத் தொறக்குறதுக்கு முன்னாடியே எழுதிக் கையெழுத்துப் போடணும். இந்தியால 2009 ஜூன்லேருந்து ட்ரையலைப் பதிவு பண்றதும் கட்டாயம். அப்புறம் நோயாளிங்களுக்கு ஆபத்து வருதான்னு கண்காணிக்கிற பாதுகாப்பு கமிட்டிக்கு ட்ரையல் நடுவுல ரிப்போர்ட் போடுற வேலை ஒண்ணு இருக்கு, அந்த நேரத்துல எந்தப் பக்கம் அதிகமா சாவு விழுதுன்னு உங்களுக்கும் அந்தக் கமிட்டிக்கும் மட்டும்தான் தெரியும், ட்ரையல் நடத்துற டாக்டர் போன் பண்ணி எப்படிப் போகுதுன்னு கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது. அந்தக் கமிட்டில எதைப் பாத்து ட்ரையலை நிறுத்தச் சொல்வாங்கன்றதைப் பத்திக் கேள்வி இருந்தா இப்ப கேளுங்க, விரிவாவே பேசலாம்.