வாத்தியம் இல்லாத பதினான்கு பாடல்கள்

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் கிழக்கே, ஹம்பர் ஆற்றின் முகத்துவாரத்தில், ஹல் என்றொரு பழைய மீன்பிடித் துறைமுகம். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்த நார்மா, மைக், லால் என்ற வாட்டர்சன் குடும்பத்து உடன்பிறப்புகள் மூவரும் அந்த ஊர்க்காரர்கள், நாட்டுப்புறப் பாடகர்கள். உறவினர் ஜான் ஹாரிசனும் சேர்ந்துகொள்ள, 1965இல் டாபிக் நிறுவனம் வெளியிட்ட அவர்களுடைய முதல் இசைத்தட்டு 'ஃப்ராஸ்ட் அண்ட் ஃபயர்'.

அதில் வாத்தியமே கிடையாது. இத்தனைக்கும் கிட்டாரோடு பாடத் தொடங்கியவர்கள்தாம். அதை இறக்கி வைத்துவிட்டு வெறும் தொண்டையை நம்பினார்கள். அந்தத் துணிச்சலை நான் வணங்குகிறேன்.

ஓர் ஆண்டின் சடங்குப் பாட்டுகள் அதில் இருக்கின்றன. ஈஸ்டருக்கு முட்டை கேட்டுப் பாடுவது, மே மாதம் ஹெல்ஸ்டன் என்ற ஊரில் கோடையை அழைப்பது, நவம்பரில் இறந்தோர் நினைவாக வீடு வீடாகப் போய்ப் பலகாரம் கேட்பது. நான் திரும்பத் திரும்பக் கேட்பது அறுவடைக் காலத்து 'ஜான் பார்லிகார்ன்'. மூன்று பேர் வந்து அவனைக் கொல்வதாகச் சபதம் செய்கிறார்கள். உழுது, மண்ணைப் போட்டு மூடுகிறார்கள். மழை பெய்கிறது, அவன் எழுகிறான், தாடியும் முளைக்கிறது. முழங்காலோடு அறுக்கிறார்கள், கட்டுகிறார்கள், கவைக்கோலால் குத்துகிறார்கள், இரண்டு கல்லுக்கு நடுவே போட்டு அரைக்கிறார்கள். அந்த மனிதன் வேறு யாருமல்லன், பார்லிக் கதிர். கடைசியில் கிண்ணத்தில் பீராக நிறைந்து, தன்னைக் கொன்றவர்களையே சாய்த்துவிடுகிறான்! விதைத்துக் களையெடுத்தவர்கள் கட்டிய கதை இது. கதிர் அறுத்த கைக்குத்தான் அந்தக் குற்றவுணர்வு தெரியும்.

அவர்கள் பாடும் விதத்தையும் சொல்ல வேண்டும். நான்கு குரல்கள் ஒன்றாகக் கிளம்பும், ஓரிடத்தில் பிரியும், அடி முடியும்போது ஒரே சுரத்தில் வந்து இறங்கும். குரலை யாரும் இழைத்து மெருகேற்றவில்லை. நார்மாவின் கனத்த குரல் நார்மாவுடையதாகவே இருக்கிறது. லாலின் கூர்மை மழுங்கவில்லை. தெருவில் நின்று, மூடிய கதவுக்குள் கேட்க வேண்டும் என்று பாடுகிறவர்களின் குரல் அது. ஸ்டூடியோவுக்குள் போனபோதும் அவர்கள் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

இசைத்தட்டு வாசெயில் பாட்டில் தொடங்கி இன்னொரு வாசெயில் பாட்டில் முடிகிறது. குளிர்காலத்தில் வீட்டுவாசலில் நின்று வாழ்த்திப் பாடுவது அது. முதல் பாட்டை இப்போது போடுகிறேன். மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள். அவர்கள் மூச்சு வாங்குவதும் கேட்கட்டும்.