அரண்டவன் கண்ணும் வாய்க்கால் தண்ணீரும்

(உலக மனநல நாளையொட்டி, பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கெல்லையில் உள்ள வாசகசாலை ஒன்றில் ஆற்றிய உரை. எழுத்துக்காகச் சிறிது சீர் செய்யப்பட்டது.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, வெளிநோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு மதியச் சாப்பாட்டையும் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அம்மா அவர்களே, மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடித்து இரு தரப்பிலும் கைதட்டல் வாங்கிவிட்ட தலைமை ஆசிரியை அவர்களே, வாசகசாலைச் செயலாளர் அவர்களே, இந்த மண்டபத்துக்கு மின்விசிறிகள் வாங்கித் தந்த தேங்காய் வியாபாரி ஐயா அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். வியாபாரி ஐயா தம் பெயரைச் சொல்லக் கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறார். மூன்றாம் வரிசையில், விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறார் என்பதைச் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

கவலையும் பதற்றமும் மனிதருடைய நடத்தையை எப்படி வளைக்கின்றன என்பதே எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. பதற்றம் உடம்பை என்ன செய்கிறது, வீட்டையும் ஊரையும் என்ன செய்கிறது, பள்ளிப் பிள்ளைகளை என்ன செய்கிறது என்று மூன்று பகுதியாகப் பேசலாம் என்று எண்ணுகிறேன். மூன்றுக்கும் பொதுவாக நம் முன்னோர் ஒரு வாக்கைச் சொல்லி வைத்திருக்கிறார்கள்: அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஆபத்து என்று தோன்றியதும் மூளையின் உள்ளே அமிக்டாலா என்னும் சிறு பகுதி அபாய அறிவிப்பைக் கொடுக்க, சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்க, நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலெழும்புகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிற்றைக் கலக்குகிறது. எதிர்த்து நில் அல்லது ஓடிவிடு என்று உடம்பு செய்துகொள்ளும் இந்த ஆயத்தத்தை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பாம்பு எதிரே வந்தால் இந்த ஏற்பாடு உயிரைக் காப்பாற்றும். வங்கியிலிருந்து வந்த கடிதத்தை இன்னும் பிரிக்கவில்லை என்பதற்கும், கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன மகன் போனை எடுக்கவில்லை என்பதற்கும் உடம்பு அதே ஏற்பாட்டைச் செய்வதுதான் சங்கடம். எதிர்க்கவும் ஆளில்லை, ஓடவும் இடமில்லை. அட்ரினலின் மட்டும் ஊறிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வருவோம். பதற்றம் நம்மை இரண்டு காரியங்களைச் செய்ய வைக்கிறது. ஒன்று, திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது: சிலிண்டரை மூடினோமா, கதவைப் பூட்டினோமா, மகன் போய்ச் சேர்ந்தானா. மற்றொன்று, ஒதுங்கிக்கொள்வது. கூட்டத்தில் மயக்கம் வந்துவிடுமோ என்று அஞ்சுகிற பெண் முதலில் கல்யாணத்துக்குப் போவதை நிறுத்துகிறாள், பிறகு பேருந்தில் ஏறுவதை நிறுத்துகிறாள், கடைசியில் மளிகைக் கடைக்கும் பிள்ளையை அனுப்புகிறாள். போகாமல் இருந்த ஒவ்வொரு முறையும் நெஞ்சு சற்று ஆறுகிறது அல்லவா, அந்த ஆறுதல்தான் அடுத்த முறையும் போகாதே என்று சொல்லிக் கொடுக்கிறது. வீட்டார் 'வயிறு சரியில்லையாம்' என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் பதற்ற நோயோடு வாழ்ந்தவர்கள் 30 கோடிக்கு மேல். அவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். இதற்குச் சிகிச்சை உண்டு, குணமும் உண்டு. அதை மருத்துவர் அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ஊரை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன், பக்கத்து ஊரில் இரண்டாம் போக நடவு முடிந்திருந்த நேரம். அங்கே ஒரு பெரியவர், இரவில் எழுந்து டார்ச் விளக்கோடு வாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அன்று பார்த்தபோது தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. உடனே தங்கை மகனுக்குப் போன் செய்து, "மாப்பிள்ள, தண்ணி ஒரு சாண் எறங்கிருச்சு" என்றார். மாப்பிள்ளை பாதித் தூக்கத்தில் அதை வாட்ஸாப் குழுவில், "மேல தண்ணிய நிறுத்திப்போட்டாங்களாமா" என்று குரல் செய்தியாகப் போட்டார். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் ஊரே வாய்க்கால் கரையில் நின்றது. அவசரத்தில் ஒருவர் மம்பட்டி என்று நினைத்து மாமியாரின் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். இன்னொருவர், தோட்டத்துக்குள் டார்ச் அடித்தவரைத் திருடன் என்று துரத்தியதில், இருவரும் சேற்றில் விழுந்து, எழுந்த பிறகுதான் சம்பந்தி என்று தெரிந்தது. இருக்கிற தண்ணீர் போய்விடுமுன் தன் வயலுக்கு வரட்டும் என்று ஆளாளுக்கு மடையை வெட்டினார்கள். கரை உடைந்தது. தண்ணீர் யார் வயலுக்கும் போகாமல், களத்தில் நிலக்கடலையைக் காயப் போட்டுவிட்டு, போனை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய ஒரே மனிதருடைய களத்தில் போய் நின்றது. விடிந்ததும் மேலே நடந்து போய்ப் பார்த்தார்கள். பாலத்தடியில் வாழைத் தண்டும் தென்னை மட்டையும் அடைத்துக் கிடந்தன. இரண்டு பேர் இறங்கி இழுத்துப் போட்டதும் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் தாங்குவதற்குக் கரைதான் இல்லை. கடலைக்கு நஷ்ட ஈடு பேச ஊர் கூடியபோது பெரியவர் எழுந்து, "நிறுத்திட்டாங்கன்னு நான் சொல்லவே இல்லீங்களே, ஒரு சாண் எறங்குச்சுன்னுதானுங்க சொன்னேன்" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். நம் சித்தூர்ப் புழைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 1970இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் முதலே செல்லும் என்று வகுக்கப்பட்ட, தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின்படி, எல்லையோர மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் நமக்குச் சேர வேண்டும். கணக்கு ஏட்டில் தெளிவாக இருக்கிறது. ஆனால் எந்த வாரம் எவ்வளவு வரும், எந்த வாய்க்காலில் எத்தனை நாள் ஓடும் என்பது கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் கண்ணில் பட்ட பிறகுதான் தெரிகிறது. மூலத்தறைத் தடுப்பணையில் மதகு திறந்ததை டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். மூடியதை வாய்க்கால் காய்ந்த பிறகு தெரிந்துகொள்கிறோம். நாற்று விடுவதா, நகையை அடகு வைத்து உரம் வாங்குவதா, மகள் கல்யாணத்தை மகசூலுக்குப் பின் வைப்பதா என்பதெல்லாம் இந்தத் தெரியாமையின் மேல்தான் நிற்கின்றன. கெட்ட செய்தியைக்கூட மனிதன் தாங்கிக்கொள்வான். செய்தியே இல்லாதபோது மனம் தானாகவே மோசமானதை எழுதிக்கொள்கிறது. இருட்டை அப்படியே வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் குறை சொல்வது என்ன நியாயம்?

ஆகவே, மேடையில் மனநலம் பேசும் எவரும் தண்ணீர்த் தேதியையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் கட்சி. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், தெரிகிறது. இதை நான் மூன்று ஆண்டுகளாக எல்லா மேடைகளிலும் சொல்லிவருகிறேன் என்பதும் அவருக்குத் தெரியும். இரு மாநில அதிகாரிகளும் கூட்டு வாரியத்தில் உட்கார்ந்து பங்கீட்டைப் பேசுகிறார்கள். அப்படிப் பேசி முடிவான அளவையும் தேதியையும், ஒவ்வொரு கிளை வாய்க்காலின் தலைப்பிலும், ஊராட்சி அலுவலகத்திலும், பால் சங்கத்திலும், தமிழிலும் மலையாளத்திலும் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்றே கேட்கிறோம். கொடுக்க முடியாவிட்டால் கொடுக்க முடியாது என்று எழுதட்டும். நடவைக் குறைத்துக்கொண்டு சோளம் போடுவோம். இதற்குப் புதிய அணை வேண்டாம். சுண்ணாம்பும் ஒரு தூரிகையும் போதும்.

மூன்றாவது பகுதியாகப் பிள்ளைகளின் தேர்வு பயத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். மிதமான பதற்றம் படிப்புக்கு உதவும், மிஞ்சினால் கெடுக்கும் என்ற கருத்துக்கு வித்திட்ட எலி ஆய்வை யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அறிஞர்கள் 1908இல் வெளியிட்டார்கள் என்பதோடு அதைத் தலைமை ஆசிரியையின் பொறுப்பில் விட்டுவிடுகிறேன்.

இரவுத் தூக்கம் கெட்டு, வேலை கெட்டு, வாரக்கணக்கில் பதற்றம் விடாதவர்கள் பலகைக்காகக் காத்திருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். 2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசு நடத்தும் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவும் பகலும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம். தண்ணீர்த் தேதிப் பலகை கேட்கும் மனுவின் நகல் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் தம் வாய்க்காலின் பெயரையும் மடை எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள். போன முறை அது இல்லை என்று சொல்லித்தான் மனுவைத் திருப்பி அனுப்பினார்கள். ஊராட்சித் தலைவர் முதல் கையெழுத்தைத் தாமே போடுவதாக மேடைக்கு ஏறும்போது என்னிடம் சொன்னார். ஒலிபெருக்கியில் இதைச் சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். பேனா இதோ இருக்கிறது, ஐயா.