தடை இருந்த இடத்தில் பேச்சு இருந்தது: எலிசபெத் ஷூஸ்லர் ஃபியொரென்சா

[திரையில்: மாற்கு 14:3-9]

பெத்தானியாவில் விருந்து. ஒரு பெண் படிகச் சிமிழை உடைத்து இயேசுவின் தலையில் தைலத்தை ஊற்றுகிறார். அதன் விலை 300 தெனாரியத்துக்கும் மேல். ஒரு தெனாரியம் அன்றைக்கு ஒருநாள் கூலி. நற்செய்தி அறிவிக்கப்படும் இடமெல்லாம் இவர் செய்ததும் இவர் நினைவாகச் சொல்லப்படும் என்கிறார் இயேசு. காட்டிக்கொடுத்த யூதாசுக்குப் பெயர் உண்டு, மறுதலித்த பேதுருவுக்குப் பெயர் உண்டு. இவருடைய பெயரை மாற்கு எழுதவில்லை.

1983-இல் வந்த ‘அவள் நினைவாக’ நூல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எழுதியவர் விவிலிய அறிஞர் எலிசபெத் ஷூஸ்லர் ஃபியொரென்சா. 1938-இல் ருமேனியாவில், ஜெர்மன் பேசும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். போர்க்காலத்தில் குடும்பம் ஜெர்மனிக்குத் தப்பியது. வூர்ட்ஸ்பர்க்கிலும் மூன்ஸ்டரிலும் இறையியல் படித்தார். பிறகு அமெரிக்காவில் நோட்ர டாம், ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களில் கற்பித்தார். 1987-இல் விவிலிய ஆய்வாளர்களின் அமைப்பான விவிலிய இலக்கியச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார்.

[திரையில்: 1 கொரிந்தியர் 14:34]

“பெண்கள் சபையில் பேசக்கூடாது.” திருத்தூதர் பவுலின் கடிதத்தில் வரும் இதை வாசித்ததும், அன்று பெண்கள் பேசவில்லை என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். தவறு அங்கேதான் நடக்கிறது. யாரும் செய்யாத ஒன்றை யார் தடைசெய்வார்கள்? கட்டளை என்பது ஒருவர் விரும்பியதைச் சொல்கிறது, நடந்ததை அல்ல என்கிறார் ஃபியொரென்சா. அதே கடிதத்தில் 11:5-ஐப் பாருங்கள்: பெண்கள் சபையில் இறைவேண்டல் செய்கிறார்கள், இறைவாக்கு உரைக்கிறார்கள்.

அடுத்து மொழிபெயர்ப்பு. உரோமையர் 16:1-இல் பெயிபா என்ற பெண்ணைப் பவுல் கிரேக்கத்தில் ‘தியாகோனோஸ்’ என்கிறார். தன்னைக் குறிக்கவும் அவர் இதே சொல்லைப் பயன்படுத்துகிறார். ஆங்கிலத்தில் பவுலுக்கு ‘திருப்பணியாளர்’ என்ற பொருளில் போட்டவர்கள், பெயிபாவுக்கு ‘வேலைக்காரி’ என்று போட்டார்கள். மூலத்தில் இருந்தது ஒரே சொல்!

16:7 இன்னும் மோசம். யூனியா திருத்தூதர்களுள் பெயர்பெற்றவர். தொடக்கக்காலக் கிரேக்கக் கையெழுத்துப் படிகளில், எந்த அசையை அழுத்திச் சொல்வது என்று காட்டும் அழுத்தக்குறி கிடையாது. பின்னால் குறியை இடம்மாற்றிப் போட்டதும் அவர் ‘யூனியாஸ்’ என்ற ஆணாகிவிட்டார். பழங்காலத்தில் அப்படியோர் ஆண்பெயர் இருந்ததற்குச் சான்றில்லை. 4-ஆம் நூற்றாண்டில் திருச்சபைத் தந்தை பொன்வாய் யோவான் அவரைப் பெண் என்றே புகழ்ந்திருக்கிறார். 1946-இன் ஆங்கில விவிலியத் திருத்தப் பதிப்பிலும் அவர் ஆண்தான். 1989-இல் வந்த அதன் புதிய திருத்தத்தில்தான் யூனியா திரும்பி வந்தார்.

‘ஆணாதிக்கம்’ என்ற சொல்லும் ஃபியொரென்சாவுக்குப் போதவில்லை. எசமானனைக் குறிக்கும் ‘கிரியோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து 1992-இல் ‘கிரியார்க்கி’, அதாவது எசமானர் ஆட்சி, என்ற சொல்லை முன்வைத்தார். உரோமை வீட்டில் எசமானி ஆண் அடிமைக்கு மேலே நின்றார். அவரையும் அதே வீட்டின் அடிமைப் பெண்ணையும் ‘பெண்கள்’ என்று ஒன்றாகச் சேர்த்துவிட்டால், யார் யாரை ஆண்டார் என்பதே கண்ணில் படாது.