கையில் ஐந்து நூறு ரூபாய்த் தாள்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

முத்து காமிக்ஸ் என்ற படக்கதை இதழ் 1972-லேயே சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிவிட்டது. பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்து அதைப் படித்தவர்கள் இன்று பெற்றோர்களாகவும் தாத்தா பாட்டிகளாகவும் இருக்கிறோம். டெல்லியில் 2011-இல் தொடங்கிய, படக்கதை ரசிகர்கள் கூடும் காமிக் கான் விழா, 2024 பிப்ரவரியில் முதன்முறையாகச் சென்னைக்கு வந்தது. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. இந்த மாதிரி விழாக்களுக்குப் பிள்ளைகளோடு போனால் அங்கே எப்படிப் பொருள் வாங்குவது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

என் மகளை முதல்முறை ஒரு விழாவுக்குக் கூட்டிப்போனபோது அவளுக்கு எட்டு வயது. உள்ளே நுழைந்து மூன்றாவது கடையிலேயே, உள்ளே என்ன பொம்மை இருக்கிறது என்று தெரியாத மூடிய பெட்டி ஒன்றைக் கேட்டாள். போனை எடுத்து ஜிபேயில் தட்டிவிட்டேன். பெட்டியைப் பிரித்தால் அவள் விரும்பிய பாத்திரம் இல்லை. பிரித்ததை மாற்றித் தர மாட்டோம் என்றார்கள். அழுகை. அதற்கு மேல் நாலு வரிசைக் கடைகள் பாக்கி இருந்தன, எதையும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. போனில் போகிற பணம் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

அடுத்த முறை போனபோது ஐந்து நூறு ரூபாய்த் தாள்களை ஒரு சின்னப் பையில் போட்டு அவள் கழுத்தில் மாட்டிவிட்டேன். முதல் சுற்றில் எதையும் வாங்கக் கூடாது, பிடித்ததைக் கடை எண்ணோடு நோட்டில் எழுதிக்கொள், இரண்டாவது சுற்றில் வாங்கலாம் என்று மட்டும் சொன்னேன். பதினோரு பொருள் எழுதினாள். அப்புறம் ஒரு மூலையில் உட்கார்ந்து, பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்தாள். வாளோடு நின்ற பெரிய பொம்மையை அடிக்கும்போது கொஞ்ச நேரம் பென்சில் அசையவில்லை. எனக்கு வாய் துறுதுறுத்தது, ஆனாலும் நான் எதுவும் சொல்லவில்லை.

ஓவியர்கள் தாங்களே மேசை போட்டு உட்காரும் பகுதி ஒன்று இருக்கும். கூட்டம் பெரும்பாலும் பெரிய பிராண்டு கடைகளையே மொய்க்கும். பிள்ளைகளை இந்தப் பக்கம் கட்டாயம் கூட்டிவாருங்கள். படத்தை வரைந்த கை அங்கே எதிரிலேயே இருக்கிறது. நீல நிற யாளி ஒன்றை வரைந்து வைத்திருந்த பெண்ணிடம் என் மகள், “இதுக்கு ஏன் மூணு கண்ணு?” என்று கேட்டாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கதை சொன்னார். மகள் இருநூறு ரூபாயை எண்ணிக் கொடுத்தாள். அவர் படத்தின் பின்னால் அவள் பெயரைத் தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

பொம்மை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் சேகரிப்பாளர்களுக்கான உருவப் பொம்மைகள் பலவற்றின் பெட்டியில் 14, 15 வயதுக்கு மேல் என்றே அச்சிட்டிருக்கும். கழன்று வரும் சின்னப் பாகங்களும் கூர்மையான முனைகளும் அவற்றில் உண்டு. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வாங்குவதற்கு முன் அந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

மற்றபடி, தண்ணீர் பாட்டில், படம் கசங்காமல் இருக்க ஓர் அட்டைக்குழாய், பிள்ளையின் மணிக்கட்டில் பேனாவால் எழுதிய உங்கள் போன் நம்பர், இவை போதும்.

அன்று மாலை மகள் பையில் நூறு ரூபாய் மிச்சம் இருந்தது. வெளியே வரும்போது திரும்ப உள்ளே ஓடி, யாளி ஸ்டிக்கர் ஒன்று தம்பிக்கு வாங்கி வந்தாள். அந்தக் கடை எண் நோட்டில் ஏற்கெனவே இருந்தது.

நன்றி, வணக்கம்.